இரண்டு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டும் வரும்: பிரெனெல் வாழ்ந்த 39 ஆண்டுகள்

1815 மார்ச் மாதம். எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டிருந்த நெப்போலியன் அங்கிருந்து தப்பி பிரான்சின் தென்கரையில் வந்து இறங்கினார். நாடு மறுபடியும் இரண்டாகப் பிளந்தது. தென்கிழக்கே நியோன் என்ற சிற்றூரில் வீதி போடும் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்த 26 வயது அரசாங்கப் பொறியியலாளர் ஒருவர், யாரிடமும் விடுமுறை கேட்காமல் வேலையைப் போட்டுவிட்டு துலூஸ் நகருக்குப் போனார். நெப்போலியனை எதிர்த்து மன்னர் பக்கம் நின்றவர்களோடு சேர்வதுதான் அவருடைய நோக்கம். ஆனால் சண்டைக்குப் போகும் உடம்பு அவருக்கு இருக்கவில்லை. போன வேகத்திலேயே நோயாளிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டார். தோற்றுப்போய் நியோனுக்குத் திரும்பியவரை ஊரவர்கள் மிரட்டினார்கள். அவர் வீட்டு யன்னல்களை உடைத்தார்கள். அரசாங்கம் வேலையிலிருந்து இடைநிறுத்தி, பொலிஸ் கண்காணிப்பில் வைத்தது.

கண்காணிப்பு என்ற சொல்லை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய பெயர் ஒகுஸ்தன் பிரெனெல். பரிஸில் இருக்கும் நம்மவர்கள் ஈபிள் கோபுரத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும் 72 பெயர்களுக்குள் இவருடைய பெயரையும் தேடிப் பார்க்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வேறு வழியாக இவரைத் தெரிந்திருக்கும். இன்று பல லேசர்களை ஒன்றாக்கி ஒரே கற்றையாக அனுப்பும் தொழில்நுட்பம், வேலை பறிபோயிருந்த அந்த மாதங்களில் இவர் தாயாரின் வீட்டில் இருந்து கண்டுகொண்ட ஒரு விடயத்தின் மேல்தான் நிற்கிறது. அவர் ஆதரித்த மன்னர் தரப்பு ஏழைகளின் தரப்பு என்று சொல்ல முடியாது. அந்த அரசியலை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. வேலை போன பிறகு அவர் என்ன செய்தார் என்பதே இங்கே முக்கியம்.

பிரெனெல் 1788 மே 10ஆம் திகதி நோர்மண்டியில் புறோய் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கட்டடக் கலைஞர். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. குடும்பம் முதலில் செர்பூர் துறைமுகத்துக்கும், 1794இல் தகப்பனாரின் சொந்த ஊரான மாத்தியூவுக்கும் இடம்மாறியது. நான்கு ஆண்பிள்ளைகள். மூத்தவர் லூயி, இரண்டாமவர் ஒகுஸ்தன், அடுத்து லெயோனோர், கடைசி புல்ஜான்ஸ். ஒகுஸ்தன் எட்டு வயது வரை சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளை. பாடமாக்குவது அவருக்கு வராது. ஆனால் ஒன்பது வயதில் ஊர்ப் பிள்ளைகள் மத்தியில் அவருக்கு மேதை என்று பெயர் கிடைத்தது. அதற்குக் காரணம் விளையாட்டுத் துவக்கு. மரக்குச்சியைக் குடைந்து பிள்ளைகள் செய்யும் ஊதுகுழல் துவக்குக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு துளை வைத்தால் அதிக தூரம் பாயும், வில்லுக்கு எந்த மரத்தைப் பச்சையாக வெட்டுவது, எதைக் காயவைத்து எடுப்பது என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து வைத்திருந்தார். விளையாட்டுச் சாமான் உண்மையான ஆயுதம் போல ஆகிவிட்டது. பெற்றோர்கள் கூடிப் பேசி அதைத் தடைசெய்தார்கள்.

பிறகு அவர் ஆயுதம் எதையும் செய்யவில்லை. அண்ணன் லூயி ஆட்லறிப் படையில் லெப்டினன்ட் ஆனார். 1809இல் ஸ்பெயினில் ஹாகா என்ற இடத்தில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அதே ஆண்டுதான் ஒகுஸ்தன் படிப்பை முடித்து வெளியே வந்தார். 16 வயதில் பரிஸின் எக்கோல் பொலித்தெக்னிக் கல்லூரிக்குள் நுழைந்து, பின்னர் பாலங்கள், வீதிகளுக்கான பொறியியற் கல்லூரியில் பயின்றவர். தகப்பனார் 1805இலேயே இறந்துபோயிருந்தார். நாடெங்கும் நெப்போலியனின் போர் வீதிகளைப் போடுவதுதான் அந்தக் காலப் பொறியியலாளரின் தொழில். கல், மண், கூலிக்கணக்கு என்று அதில் அவருடைய மனம் ஒட்டவேயில்லை. இரவில் ஒளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒளி என்றால் என்ன என்ற கேள்விக்கு அப்போது பிரான்சில் ஒரே பதில்தான் மரியாதைக்குரியதாக இருந்தது. நியூட்டன் சொன்னபடி, அது மிகச் சிறிய துணிக்கைகளின் ஓட்டம். அலை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். லண்டனில் தோமஸ் யங் என்ற மருத்துவர் 1801க்குப் பின்னர் அதற்கான சான்றுகளைக் காட்டியிருந்தார். பிரெனெலுக்கு ஆங்கிலம் தெரியாது. வேலை இழந்து ஊருக்குப் போகும் வழியில், 1815 ஜூலையில், பரிஸில் அராகோ என்ற விஞ்ஞானியைச் சந்தித்தபோது இவற்றையெல்லாம் வாசிக்கும்படி அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். மாத்தியூவில் அந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? கிடைத்தது ஊர்க் கொல்லன் ஒருவர் மட்டும்.

கருவிகளைச் செய்து கொடுத்தது அந்தக் கொல்லன்தான். வெளிச்சத்தை ஒரு புள்ளியாகக் குவிக்க நல்ல வில்லை தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. ஒரு தகட்டில் சிறு துளை போட்டு, அதில் ஒரு சொட்டுத் தேனை வைத்தார். தேன்சொட்டு உருண்டு நின்று வில்லையாகிவிட்டது. அளப்பதற்கு நூலும் மட்டையும் கொண்டு தானே ஒரு நுண்ணளவி செய்துகொண்டார். இருட்டறைக்குள் சூரிய ஒளியை அந்தத் தேன்சொட்டு வழியாக விட்டு, அதன் பாதையில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, விழும் நிழலை அளந்தார்.

மெல்லிய கம்பியின் நிழல் முழுக் கறுப்பாக இருக்காது. நிழலுக்குள்ளேயே வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி நிற்கும். பிரெனெல் ஒரு கடதாசித் துண்டால் கம்பியின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். உடனே உள்ளே இருந்த கோடுகள் எல்லாம் அழிந்து போயின. மறு பக்கத்தில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் கோடுகளைக் காணவில்லை. ஆகவே இருட்டுக் கோடு வருவதற்கே இரண்டு பக்கத்து ஒளியும் வேண்டும். ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டு உண்டாகிறது. துணிக்கைகள் என்றால் இது நடக்க வழியில்லை; அலை என்றால் நடக்கும். ஒன்று மேலே எழும் நேரத்தில் மற்றது கீழே இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். யங் இதை முன்பே கண்டிருந்தார் என்பது பிரெனெலுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் அந்தப் பெருமையைத் தயங்காமல் அவருக்கே விட்டுக்கொடுத்தார்.

இருட்டை விட, இதன் மறுபக்கம்தான் நமது கதைக்கு வேண்டியது. ஒரே அளவான இரண்டு அலைகள் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே இறங்கினால், அலையின் உயரம் இரண்டு மடங்காகும். ஒளியின் செறிவோ அலையின் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அந்த இடத்தில் பிரகாசம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. கூடுதலாக வந்த ஒளி பக்கத்து இருட்டுக் கோடுகளிலிருந்து நகர்ந்து வந்தது. மொத்தக் கணக்கில் மாற்றம் இல்லை. மூன்று அலை என்றால் ஒன்பது மடங்கு, பத்து என்றால் நூறு மடங்கு.

அப்படியானால் வீட்டில் இரண்டு விளக்கை ஏற்றினால் சுவரில் ஏன் கோடுகள் விழுவதில்லை? இரண்டு சுடரும் தனித்தனியானவை. ஒவ்வொன்றிலும் அலை எழுவதும் இறங்குவதும், பாடப்புத்தகம் அவத்தை என்று சொல்வது, கணத்துக்குக் கணம் தன்பாட்டில் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்து நடக்காது. அதனால்தான் பிரெனெல் எப்போதும் ஒரே மூலத்திலிருந்து வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தார். 1816இல் மிகச் சிறிய கோணத்தில் சாய்த்து வைத்த இரண்டு கண்ணாடிகளால் அதைச் செய்துகாட்டினார். இன்றைக்கும் அது பாடத்தில் இருக்கிறது. அராகோவுடன் சேர்ந்து இன்னொன்றையும் கண்டார்: செங்குத்தான திசைகளில் முனைவாக்கப்பட்ட இரண்டு கற்றைகள், ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவையாக இருந்தாலும், இப்படித் தலையிடுவதில்லை. ஒளி அலை பாதைக்குக் குறுக்காகவே அதிர்கிறது என்ற முடிவுக்கு 1821இல் அவரைக் கொண்டு சென்றது இந்தப் புதிர்தான்.

இதற்கு நடுவில் விஞ்ஞானக் கழகம் வைத்த போட்டிக்கு 1818இல் தன் கட்டுரையை அனுப்பினார். ஐந்து நடுவர்களில் லப்பிளாஸ், பியோ, புவாசோன் மூவரும் துணிக்கைக் கொள்கையின் பக்கம். புவாசோன் கணக்கில் கெட்டிக்காரர். பிரெனெலின் சமன்பாட்டை எடுத்து, இது சரியென்றால் ஒரு வட்டத் தகட்டின் நிழலின் நடுமையத்தில் வெளிச்சப் புள்ளி தோன்றவேண்டுமே, அது எப்படி நடக்கும் என்று மடக்கினார். அராகோ போய்ச் சோதித்துப் பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது. 1819இல் பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதை நம்ப மறுத்த புவாசோனின் பெயரால்தான் அந்தப் புள்ளியை இன்று பலரும் அழைக்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மயிரிழை போன்ற கண்ணாடி இழைக்குள் யிட்டர்பியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு கலந்து, டயோட் விளக்குகளால் அதற்குச் சக்தி ஊட்டி, ஒரு மெல்லிய லேசர் ஒளியை உள்ளே அனுப்பினால், இழை நெடுக அது பெருகிக்கொண்டே போகும். இதுதான் ஃபைபர் பெருக்கி. கற்றை தூய்மையாக வரும், மின்சாரமும் வீணாகாது. ஆனால் ஒரு எல்லை உண்டு. இவ்வளவு ஒளியும் மெல்லிய உள்ளிழைக்குள் அடைபட்டுப் போகிறது. அளவு மீறினால் இழை சூடாகும். ஒளி கண்ணாடியையே அதிரச்செய்து, அதில் மோதி வந்த வழியே திரும்பிப் பாயும். கடைசியில் இழை எரிந்துபோகும். ஒரு இழையால் முடியாததைப் பல இழைகளால் செய்யலாம் என்பது இலகுவான யோசனைதான். பல லேசர்களைச் சும்மா ஒரே இடத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன? அவை தனித்தனி விளக்குகள் போலத்தான் கூடும். பத்து வைத்தால் பத்து மடங்கு.

பிரெனெலின் வழியைப் பின்பற்றினால் நூறு மடங்கு. எனவே ஒரே ஒரு சிறிய லேசரை மூலமாக வைத்து, அதைப் பல கிளைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கிளையும் தன் இழைக்குள் பெருகி வெளியே வருகிறது. எல்லாவற்றினதும் முனைவாக்கம் ஒரே திசையில் இருக்கவேண்டும். எல்லா அலைகளும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் இறங்கவேண்டும். சொல்வது சுலபம். இந்த லேசரின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. பத்து மீற்றர் இழையின் வெப்பநிலை ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு மாறினாலே, ஏறத்தாழ ஒரு முழு அலைநீளத்துக்கு ஒளி பிந்திவிடும். பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலும் குழம்பும். அதனால் வெளியே வரும் கற்றைகளை ஓயாமல் அளந்து, ஒவ்வொரு கிளையிலும் அலையைச் சற்று முந்தவோ பிந்தவோ வைக்கும் கருவியை நொடிக்கு ஆயிரம் தடவை அளவில் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

2011இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகம் எட்டு ஃபைபர் பெருக்கிகளை இப்படி இணைத்து 4 கிலோவாற்று கற்றை ஒன்றைப் பெற்றது. 2020இல் 61 இழைகளை ஒரே கற்றையாக்கிக் காட்டிய ஆய்வு வெளிவந்தது. 61ஐ 61ஆல் பெருக்கினால் 3,721. நடுப்புள்ளியில் ஒரு தனி இழையை விட அத்தனை மடங்கு செறிவு வரவேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் அதை விடக் குறையத்தான் செய்யும். அந்த ஆய்வில் ஒவ்வொரு இழையின் அலையும் எங்கே நிற்கிறது என்று அறிய, அதன் ஒளியை ஒரு துணைக் கற்றையோடு மோதவிட்டு, விழும் வெளிச்ச இருட்டுக் கோடுகளைக் கமராவால் படம்பிடித்தார்கள். தேன்சொட்டின் பின்னால் பிரெனெல் நூலால் அளந்த அதே வகைக் கோடுகள். ஆய்வு நடந்த இடமும் அவர் 16 வயதில் படிக்கப் போன எக்கோல் பொலித்தெக்னிக்தான். கல்லூரி இப்போது பரிஸுக்கு வெளியே பலேசோவில் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஜெரார் மூரு அங்கிருந்து முன்வைத்த கனவு, ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து, கிலோமீற்றர் நீளமான துணிக்கை முடுக்கிகளின் வேலையைச் சிறிய இடத்துக்குள் செய்வது.

இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த 61 இழை ஆய்வில் கல்லூரியின் பங்காளி தலேஸ். ஆயுதத் தளபாடங்களும் செய்யும் நிறுவனம். லிங்கன் ஆய்வகம் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் இயங்குவது. அதே திணைக்களத்தின் ஆய்வு முகவரகம், ஃபைபர் பெருக்கிகள் 21ஐ ஒன்றிணைத்த ஒரு கற்றையால் 7 கிலோமீற்றர் தொலைவில் இருந்த இலக்கைத் துல்லியமாகத் தொட்டதாக 2014இல் அறிவித்தது. வழியில் உள்ள காற்றின் சூட்டாலும் அசைவாலும் கற்றை குழம்பாதிருக்க, ஒவ்வொரு இழையின் அலையையும் தனித்தனியே திருத்தினார்கள். ட்ரோன்களையும் எறிகணைகளையும் வானத்திலேயே எரிப்பதற்கு என்று சொல்கிறார்கள். வானத்திலிருந்து வருவதைப் பார்த்துப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களுக்கு, அப்படி ஒரு கருவி இருந்தால் நல்லதுதானே என்றும் தோன்றும். அது யாருடைய கையில் இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும். சத்தமில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றை. அதைச் சுட்டது யார் என்று பிறகு எப்படி நிரூபிப்பது என்பதை நம்மைப் போன்றவர்கள் இப்போதே கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரெனெல் கண்ட ஒளி சூரியனும் மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும்தான். எண்ணெய் விளக்கின் அலைகளை ஒத்து நடக்கவைக்க யாராலும் முடியாது. ஆனால் நாலாபுறமும் சிதறிப்போகும் அதன் கதிர்களை வளைத்து ஒரே திசைக்குத் திருப்ப முடியும். 1819இல் அரசாங்கம் அவரை வெளிச்சவீட்டு ஆணைக்குழுவின் வேலைக்கு எடுத்தது. அப்போதிருந்த வெளிச்சவீடுகளில் உலோகக் கண்ணாடிகள்தான் ஒளியைத் திருப்பின. கணிசமான பங்கு ஒளியை அவையே விழுங்கிவிடும். வில்லையால் செய்தால் இழப்புக் குறையும், ஆனால் அத்தனை பெரிய வில்லை தாங்கமுடியாத தடிப்பும் பாரமுமாகிவிடும். ஒளியை வளைப்பது வில்லையின் மேற்பரப்புத்தானே, உள்ளே இருக்கும் கண்ணாடி எதற்கு என்று யோசித்து, அந்த உள்ளீட்டை வெட்டி எறிந்து, மேற்பரப்பைப் படிப்படியான துண்டுகளாக அடுக்கினார். இதைப் போன்றதொரு யோசனையை 18ஆம் நூற்றாண்டிலேயே புபோன் சொல்லியிருந்தார் என்று ஆணைக்குழுக் கூட்டத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. தான் கண்டதை முன்பே வேறொருவர் கண்டிருந்தார் என்று கேட்பது அவருக்கு இது இரண்டாம் முறை. ஆனால் செய்து காட்டியவர் இவர்தான். முதல் பலகை 55 சென்றிமீற்றர் சதுரம். அதில் 97 கண்ணாடித் துண்டுகள்.

1822 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு, பாதி கட்டியபடி நின்ற பரிஸின் வெற்றி வளைவின் மேல் அந்த விளக்கை ஏற்றினார்கள். பதினெட்டாம் லூயி மன்னரும் பரிவாரமும் 32 கிலோமீற்றர் தொலைவில் நின்று அதைப் பார்த்தார்கள். 1823 ஜூலை 25ஆம் திகதி, ஜிரோந்து ஆற்றின் கழிமுகத்தில் கப்பல்களைத் தின்னும் மணற்றிடல்களுக்கு நடுவே நிற்கும் கோர்துவான் வெளிச்சவீட்டில் அது நிரந்தரமாக எரியத் தொடங்கியது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கரை எங்கே என்று தெரியாத இரவில் ஒரு வெளிச்சம் என்ன பெறுமதி என்று தெரியும். பிரெனெலின் வில்லை வந்த பிறகு அந்த வெளிச்சத்தை மாலுமிகள் 30 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து கண்டார்கள்.

அதே 1823இல் விஞ்ஞானக் கழகம் அவரை ஒருமனதாக உறுப்பினராக்கியது. அதற்குள் சயரோகம் பிடித்துவிட்டது. சம்பளம் ஆய்வுக் கருவிகளுக்கே போதாததால், பழைய கல்லூரியில் பரீட்சகர் வேலையும் பார்த்தார். ஓயாத கேள்வியும் பதிலுமாகப் போகும் அந்த வேலை நெஞ்சை இன்னும் கெடுத்தது. இருமலோடு இரத்தம் வரத் தொடங்கியதும் மற்றவற்றையெல்லாம் கைவிட்டார். வெளிச்சவீட்டு வேலையை மட்டும் விடவில்லை. பிரான்சின் கரை முழுவதும் எங்கெங்கே என்ன வகை விளக்கு நிற்கவேண்டும் என்று 1825இல் ஒரு வரைபடம் ஆயத்தமானது. அதில் 51 வெளிச்சவீடுகள். தனக்குப் பின் வேலை நின்றுவிடக்கூடாது என்று தம்பி லெயோனோரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

1827 ஜூனில் அவரைப் பரிஸுக்கு மேற்கே வில்தாவ்றே என்ற ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாத்தியூவிலிருந்து தாயார் வந்து சேர்ந்தார். லண்டன் றோயல் சங்கம் கொடுத்த றம்போர்ட் பதக்கத்தை ஜூலை 6ஆம் திகதி அராகோ கட்டிலடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டாம் நாள், ஜூலை 14ஆம் திகதி, பிரெனெல் இறந்தார். ஸ்பெயினில் மூத்த மகனை இழந்த தாய் இரண்டாவது மகனையும் பார்த்திருக்க இழந்தார். வரைபடத்தில் இருந்த விளக்குகளை லெயோனோர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனார். கடைசி விளக்கு எரிந்தபோது ஆண்டு 1854.